ஏ ஷார்ப்பும் (ஏ-யை அரைச் சுரம் ஏற்றியது) பி ஃப்ளாட்டும் (பி-யை அரைச் சுரம் இறக்கியது) ஒரே கட்டைதானே?

வணக்கம் சார். கர்னாடக வாய்ப்பாட்டு தெரியும். இப்போது கீபோர்டு கிரேடு தேர்வுக்குப் படிக்கிறேன். மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணம்தான், எந்தக் கட்டையிலும் வாசித்துவிடுவேன். தியரித் தாளில் எஃப் மேஜருக்கு ‘ஏ ஷார்ப்’ என்று எழுதியதை அடித்துவிட்டார்கள். பி ஃப்ளாட்டும் அதே கறுப்புக் கட்டைதானே? கீ சிக்னேச்சரையெல்லாம் (வரியின் தொடக்கத்தில் போடும் ஷார்ப், ஃப்ளாட் குறிகளை) உருப்போட்டுத்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, மயிலாப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

விரலுக்கு ஒன்றுதான், தாளில் அப்படியில்லை. நாலு கட்டை சுருதியில் ஸ ரி க என்பது எஃப், ஜி, ஏ. காந்தாரம் ஏ-யில் உட்கார்ந்தபின் மத்யமத்தையும் ஏ ஷார்ப் என்றால், ஒரே இடத்தில் இரண்டு ஸ்வரம். பி-யின் கோடு காலி. அதைவிடப் பெரிய சிக்கல், வரியின் தொடக்கத்தில் ஏ-க்கு ஷார்ப் போட்டால் எல்லா ஏ-யும் ஏறிவிடும். காந்தாரம் வரும் இடமெல்லாம் ஷார்ப்பை நீக்கும் நேச்சுரல் குறி போட்டு மாளாது. ஏழு ஸ்வரத்துக்கு ஏழு எழுத்து, ஒன்றுக்கு ஒன்று. ஆறரைக் கட்டை என்று ஒரே பெயரில் அழைத்துப் பழகிய நமக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை.

உருப்போட வேண்டாம், கிரக பேதம் போதும்; அதாவது ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துப் பார்ப்பது. சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஷட்ஜமாக்கினால் ஹரிகாம்போஜி. அதன் கைசிகி நிஷாதத்தை (தாழ்ந்த நி) காகலியாக (உயர்ந்த நி) ஏற்றினால் மறுபடி சங்கராபரணம். சி-யிலிருந்து ஜி-க்குப் போகும்போது எஃப் ஷார்ப் சேர்வது இதனால்தான். ஜி-யின் பஞ்சமம் டி. அங்கே சி ஷார்ப்பும் சேரும். அப்படியே ஏ-க்கு 3 ஷார்ப், இ-க்கு 4, பி-க்கு 5. கடைசியாகச் சேர்ந்த ஷார்ப் எப்போதும் நிஷாதம். கறுப்போ வெள்ளையோ, அதற்கு அடுத்த கட்டை ஷட்ஜம்.

எதிர்த்திசையில், சி-யின் மத்யமமான எஃப்-ஐ ஷட்ஜமாக்கினால் கல்யாணி. அதன் பிரதி மத்யமத்தை (உயர்ந்த ம) சுத்த மத்யமமாக (தாழ்ந்த ம) இறக்குங்கள்: உங்கள் பி ஃப்ளாட் வந்துவிட்டது. கடைசி ஃப்ளாட் எப்போதும் மத்யமம். இரண்டு ஃப்ளாட்டோ அதற்கு மேலோ இருந்தால், கடைசிக்கு முந்தையதுதான் ஸ்கேலின் பெயர்.

எழுதும் வரிசை ஷார்ப்புக்கு எஃப், சி, ஜி, டி, ஏ, இ, பி. ஃப்ளாட்டுக்கு அதைப் பின்னாலிருந்து படியுங்கள்.

வழுக்கும் இடம் நாலரைக் கட்டை. எஃப் ஷார்ப் மேஜர் என்றால் 6 ஷார்ப், ஜி ஃப்ளாட் மேஜர் என்றால் 6 ஃப்ளாட். முன்னதன் நிஷாதம் வெள்ளைக் கட்டையில் விழுவதால் கை ‘எஃப்’ என்று எழுதப் பார்க்கும். இ ஷார்ப் என்றே எழுத வேண்டும்.

வாசிக்கும்போது எஃப் மேஜரில் இன்னொன்று. சி மேஜர் பழக்கத்தில் மூன்றாம் விரலுக்குப் பின் கட்டைவிரலை நுழைத்தால் அது பி ஃப்ளாட்டில் முட்டும். கட்டைவிரலை 1 என்று எண்ணி, வலது கைக்கு 1 2 3 4, 1 2 3 4. இடது கைக்கு சி மேஜரின் விரல் வரிசையே சரி.