மலாயாவின் (இன்றைய தீபகற்ப மலேசியா) அரசியல் தலைவர் ஓன் ஜாஃபார், தாம் நிறுவிய மலாய்க்காரர் கட்சியான அம்னோவை விட்டு ஏன் விலகினார்?

1946இல், மலாய் மாநிலங்களை ஒரே ஆட்சியின்கீழ் இணைக்கும் பிரிட்டிஷாரின் மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து மலாய்க்காரர்களை ஒன்றுதிரட்டி அம்னோவைத் தொடங்கிய ஓன் ஜாஃபார், எல்லா இனத்தவருக்கும் கட்சியின் கதவைத் திறக்க வேண்டும் என்று வற்புறுத்தியதை உறுப்பினர்கள் ஏற்காததால், 1951இல் விலகி மலாயா சுதந்திரக் கட்சியை அமைத்தார். மலேசிய இந்தியர் காங்கிரஸின் முன்னோடியான மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடக்கத்தில் அவரையே ஆதரித்தது.

ஆனால் 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில், அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் கைகோத்து 12 இடங்களில் 9ஐக் கைப்பற்றின; ஓனின் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே. அவர் கேட்ட இன ஒத்துழைப்பு, இனவாரிக் கட்சிகளின் கூட்டணியாக உருவெடுத்து அவரையே வீழ்த்தியது என்பதே என் கணிப்பு.

பின்னர் அவர் தொடங்கிய, மலாய் நலன்பக்கம் சாய்ந்த நெகாரா கட்சியும் 1955 பொதுத்தேர்தலில் ஓரிடமும் பெறவில்லை. 1959இல்தான் கோலா திரங்கானு செலாத்தான் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார்.