அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளரை மாற்றுக் கட்சிக்காரர் தேர்ந்தெடுக்க முடியுமா?

மாநிலத்தைப் பொறுத்தது. வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. பிரைமரி என்ற முதல்நிலைத் தேர்தலில் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூயார்க்கில் அந்தக் கட்சியில் பதிந்தவருக்கு மட்டுமே ஓட்டு. மிசிசிப்பி மாநிலத்தில் கட்சிப் பதிவே கிடையாது. வாக்குச்சாவடியில் "எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும்?" என்று கேட்பார்கள், சொன்னதைக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

2014-இல் அங்கே நடந்ததைப் பாருங்கள். குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் தாட் காக்ரன், ஜூன் 3 பிரைமரியில் அதே கட்சிப் போட்டியாளர் கிறிஸ் மெக்டேனியலைவிடச் சற்றே பின்தங்கினார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் ஜூன் 24-இல் மறுசுற்று. இடைப்பட்ட மூன்று வாரத்தில் காக்ரன் தரப்பு, வழக்கமாக ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடும் கறுப்பின மக்களிடம் ஆதரவு கேட்டது. முதல் சுற்றில் ஜனநாயகக் கட்சி வாக்குச்சீட்டு வாங்கியவர்களுக்குத்தான் தடை. வீட்டிலேயே இருந்தவர்கள் வரலாம். வந்தார்கள். மொத்த ஓட்டு 60,000-க்கும் மேல் கூடியது. காக்ரன் சுமார் 7,700 ஓட்டில் ஜெயித்தார். மெக்டேனியல் நீதிமன்றம் போனார். காலம் கடந்துவிட்டதென்று வழக்கு தள்ளுபடியானது.

மாற்றுக் கட்சி வாக்காளரை இப்படி அழைத்ததைச் சிலர் சூழ்ச்சி என்பதை நான் ஏற்கவில்லை. மிசிசிப்பியில் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் ஜெயிப்பவரே பெரும்பாலும் செனட்டர் ஆகிறார். அப்புறம், தங்களை ஆளப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க அந்த மக்களுக்கு வேறு எந்த நாள் இருக்கிறது?