முள் குத்திய காலும் முள் குத்தாத விரலும்

கேள்வி: டாக்டர், சர்க்கரை நோய் உள்ள என் அப்பாவின் குதிகாலில் பத்து நாளுக்கு முன் சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்து ஏறிவிட்டது. பிடுங்கிவிட்டு எருக்கம்பால் வைத்தார். மறுநாள் கால் சிவந்து வீங்கியது. இன்னும் முழுதாக வடியவில்லை. அம்மாவின் பிரச்சினை வேறு. இரண்டு மாதமாகக் காலை ஆறு மணிக்கு வாசல் தெளித்துவிட்டுக் கோலமாவைக் கிள்ளி எடுக்கப் போனால், இரண்டு கையிலும் விரல் மடங்குவதில்லை. எட்டு மணிக்கு மேல்தான் வழிக்கு வருகிறது. ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. 38 என்று இருந்தது. இருவருக்கும் 'இன்ஃபிளமேஷன்' என்றார் மருத்துவர். முள் குத்தியவருக்கு வந்தது புரிகிறது. எதுவுமே குத்தாத அம்மாவுக்கு எப்படி வந்தது? மெடிக்கலில் கேட்டால் இருவருக்கும் ஒரே மாத்திரையைத் தருகிறார்கள்.
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: விளக்கமெல்லாம் அப்புறம். இதைப் படித்ததும் அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முள் குத்திய வீக்கம் சில நாளில் வடியத் தொடங்க வேண்டும். பத்து நாளாகியும் நிற்கிறதென்றால் முள்ளின் நுனி உள்ளே ஒடிந்து கிடக்கிறதா, சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எக்ஸ்ரேயில் முள் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிய வாய்ப்பு அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். அதனால் 'பெரிசா வலி இல்லை' என்று அவர் சொல்வதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தாலோ, சிவப்புக் கோடு காலில் மேலே ஏறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ இரவானாலும் கிளம்புங்கள். டி.டி. ஊசி போட்டாரா என்றும் கேளுங்கள்.

எருக்கம்பால் இனி வேண்டாம். அந்தப் பாலே தோலைப் புண்ணாக்கி வீக்கத்தை உண்டாக்கக்கூடியது. பால் பட்ட விரலால் கண்ணைத் தேய்த்துக் கருவிழி கெட்டவர்களும் உண்டு.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்ஃபிளமேஷனைத் தமிழில் அழற்சி என்கிறோம். முன்கையில் நகத்தால் கொஞ்சம் அழுத்தி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் கோடு சிவக்கும். சிலருக்கு அது லேசாகத் தடித்தும் எழும். அழற்சியின் முதல் படி அதுதான். தோலுக்கு அடியில் மாஸ்ட் செல்கள் என்று சில காவல் செல்கள் இருக்கின்றன. அடிபட்டவுடன் அவை ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். பக்கத்திலுள்ள நுண்ணிய ரத்த நாளங்கள் உடனே விரியும். ரத்தம் பாய்ந்து இடம் சிவக்கும், சூடாகும். நாளச் சுவரில் இடுக்குகள் திறந்து நீர் கசியும்; அதுதான் வீக்கம். கூடவே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் நரம்பு நுனிகளைக் கூர்மையாக்குவதால் தொட்டாலே வலிக்கிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற இந்த நான்கையும் முதலாம் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் எழுதி வைத்துவிட்டார்.

நாளங்கள் கசிவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த இடுக்குகள் வழியாகத்தான் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வெளியே வர வேண்டும். எலும்பு மஜ்ஜை அவற்றை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் உற்பத்தி செய்கிறது. முள் ஏறிய சில மணி நேரத்தில் அவை நாளச் சுவரில் ஒட்டி, உருண்டு, இடுக்கில் நெளிந்து நுழைந்து, முள்ளோடு வந்த கிருமிகளை விழுங்கும். விழுங்கியபின் தாமும் செத்துவிடும். சீழ் என்று நாம் அருவருப்பது பெரும்பாலும் அப்படிச் செத்த வெள்ளணுக்களைத்தான்.

வெள்ளணுக்களின் இந்த வேலை தெரிய வந்ததும் ஒரு முள்ளால்தான். 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப், நட்சத்திர மீனின் இளம் உயிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உடம்பு கண்ணாடி மாதிரி தெளிவானது. தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து முள் எடுத்து அதன் தோலுக்கடியில் செருகினார். ஆவலில் அன்றிரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் பார்த்தால் முள்ளைச் சுற்றி நடமாடும் செல்கள் மொய்த்துக் கிடந்தன. அந்த உயிருக்கு ரத்த நாளமே கிடையாது. ஆனாலும் செல்கள் வந்து சேர்ந்தன. அந்த வழியில் தொடர்ந்து செய்த ஆராய்ச்சிக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் அப்பாவின் குதிகாலில் நடப்பதும் அதே வேலைதான்.

வேலை முடிந்ததும் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய செல்கள் செத்தவற்றை விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்யும். 'போதும்' என்ற ரசாயனச் செய்தியும் போகும். வீக்கம் வடியும். முள் உள்ளேயே கிடந்தால் அந்தச் செய்தி போகாது.

உங்கள் அம்மாவின் விரலில் முள் இல்லை. ஆனால் அவருடைய நோய் எதிர்ப்புச் செல்கள் மூட்டின் உள்சவ்வையே அன்னியமாக நினைத்து வேலையைத் தொடங்கியிருக்கலாம். இரண்டு மாதமாக, இரண்டு கையிலும், காலையில் எழுந்ததும் இரண்டு மணி நேரம் விறைப்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்ற சந்தேகம்தான் முதலில் வந்தது. எடுக்க வேண்டிய முள் என்று எதுவும் இல்லாததால் 'போதும்' என்ற செய்தியும் சரியாகப் போவதில்லை. சவ்வு தடித்துக்கொண்டே போய்க் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கும். சி.ஆர்.பி. என்பது அழற்சிச் செய்தி கிடைத்ததும் கல்லீரல் தயாரிக்கும் புரதம். பொதுவாக 10-க்குள் இருக்க வேண்டும். 38 என்பது எங்கோ அழற்சி நடக்கிறது என்பதைக் காட்டுமே தவிர எங்கே, எதனால் என்று சொல்லாது. அதற்கு ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளும், விரல் மூட்டுகளைத் தொட்டுப் பார்க்கும் ஒரு வாதநோய் மருத்துவரும் தேவை.

மெடிக்கல் மாத்திரை பற்றி அழுத்திச் சொல்கிறேன். வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கின்றன. ஆஸ்பிரின் அப்படித்தான் வேலை செய்கிறது என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் 1971-இல் கண்டுபிடித்தார். ஆனால் வயிற்றின் உள்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதற்கு உதவுவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு வரலாம். சர்க்கரை உள்ள அப்பாவுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அம்மாவுக்கு வலி குறையும், ஆனால் எலும்பு அரிப்பது நிற்காது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்: வலி மாத்திரையிலேயே இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு, விரல் கோணிய பிறகு வருகிறவர்கள் அத்தனை பேர். காகிதத்தில் மடித்துத் தரும் உதிரி மாத்திரையாக இருந்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

முடக்குவாதம் உறுதியானால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்டில் தொடங்குவார்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் கிழமையைச் சுழித்து வையுங்கள். மஞ்சளைக் கேட்பீர்கள், சமையலில் தாராளமாகப் போடுங்கள், ஆனால் குடல் அதைக் கிரகிப்பது மிகக் குறைவு, இந்த நோய்க்கு அது போதாது.

மருத்துவரைப் பார்க்கும் வரை தினமும் அம்மா எழுந்த நேரத்தையும் கோலமாவைக் கிள்ள முடிந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். போகும்போது அந்த நோட்டையும் கொண்டு போங்கள்.