ஊதிய உச்சவரம்பு என்றால் என்ன? கால்பந்து ஆட்டக்காரர் அலெக்ஸ் ஜேம்ஸ் ஏன் கடையிலும் வேலை பார்த்தார்?

கிளப்பிடம் எவ்வளவு பணம் இருந்தாலும் ஆட்டக்காரருக்கு இதற்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்ற விதிதான் ஊதிய உச்சவரம்பு. 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் (கிளப்புகளுக்கு இடையிலான தொடர் போட்டியில்) அது வாரம் 8 பவுண்டு; கோடை விடுமுறையில் இன்னும் குறைவு. பணக்காரக் கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்பதே காரணம்.

ஸ்காட்லாந்துக்காரர் அலெக்ஸ் ஜேம்ஸ், 1928இல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 5-1 என்று வீழ்த்திய ஆட்டத்தில் 2 கோல் அடித்தவர். என்ன ஒரு ஆட்டக்காரர்! அவருக்கும் அதே 8 பவுண்டுதான். அதனால் 1929இல் லண்டன் கிளப்பான ஆர்சனலில் சேர்ந்தபோது, லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையிலும் அவருக்கு ஒரு வேலை ஏற்பாடானது.

அவரை வாங்க ஆர்சனல் கொடுத்த 8,750 பவுண்டு அவர் கைக்குப் போனதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது பழைய கிளப்பான பிரஸ்டனுக்குப் போனது. வீட்டை விற்றால் பணம் வீட்டுக்காரருக்குத்தானே, குடியிருப்பவருக்கு இல்லையே, அப்படி.