கண்ணை மூடினாலே படபடப்பு... இதுவும் சிகிச்சையா?

கேள்வி: அம்பத்தூரில் வசிக்கிறேன். வயது 38. பாரிமுனையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிரசவத்துக்குப் பிறகு ஒரு முறை, அப்பா இறந்தபோது ஒரு முறை, இப்போது மூன்றாவது முறையாக மனச்சோர்வு வந்திருக்கிறது. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்து, ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடமும் அனுப்பினார். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. அந்த சைக்காலஜிஸ்ட் மைண்ட்ஃபுல்னஸ் என்று, மூச்சைக் கவனித்தபடி உட்காரும் ஒரு பயிற்சி சொல்லித் தருகிறார். நான்கைந்து மூச்சுக்குள் மனசு எங்கேயோ போய்விடுகிறது. கண்ணை மூடினால் அப்பா ஐசியூவில் படுத்திருந்ததுதான் தெரிகிறது, நெஞ்சு படபடக்கிறது. "மூச்சு விடறதுக்கா காசு கொடுத்துட்டு வர்றே?" என்கிறார் மாமியார். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்யலாமே என்கிறார் கணவர். எனக்கு இது வராது போலிருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, விட்டுவிட வேண்டாம். ஆனால் இப்போது செய்கிற விதத்தை மாற்ற வேண்டும்.

முதலில் அந்தப் படபடப்பு. கண்ணை மூடித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. துக்கம் ஆறாமல் இருக்கும்போது கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தால், பகலெல்லாம் வேலையில் ஒதுக்கி வைத்த காட்சிகள் முன்னால் வந்து நிற்பது பலருக்கும் நடப்பதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால் பலன் வரும் என்று நினைக்காதீர்கள். கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கூட்டினால் அதையும் விடுங்கள். வெறுங்காலைத் தரையில் வைத்து, குதிகால் எங்கே அழுந்துகிறது, மொசைக் தரை எந்த விரலுக்கு ஜில்லென்று இருக்கிறது என்று பாருங்கள். ஹாலில் மெதுவாக நடந்துகொண்டே செய்தாலும் சரிதான். இதெல்லாம் சலுகை இல்லை, முறையான பயிற்சியே. ஐசியூ காட்சி வருவதை உங்கள் தெரபிஸ்டிடம் அடுத்த முறை போனதும் சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால்தான் அவர் பயிற்சியை உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்ற முடியும். அப்பாவைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியதும் இருக்கலாம்.

அப்புறம், 'எனக்கு இது வராது' என்கிறீர்கள். மனசு ஓடாமல் நிற்பது இந்தப் பயிற்சியின் நோக்கமே இல்லை. யாருடைய மனசும் நிற்காது. ஓடிவிட்டது என்று உங்களுக்குத் தெரிகிறதே, அந்த நொடிதான் பயிற்சி. நான்கைந்து மூச்சில் போய்விடுகிறது என்று எழுத முடிகிறதென்றால், அந்த நொடியை நீங்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அதைப் பிடிப்பதால் என்ன லாபம்? 1979-ல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக ஜான் கபட்-ஸின் என்பவர் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்தத் தியான மரபிலிருந்து எடுத்தது, ஆனால் எந்த மதத்தையும் சேராமல் யாரும் செய்யும்படி அமைத்தார். பின்னால் ஸிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள், குணமானவர்களுக்கு மனச்சோர்வு ஏன் திரும்ப வருகிறது என்று ஆராய்ந்தார்கள். ஒரு முறை பட்ட மனசுக்கு, சாதாரண வருத்தம் வந்தாலும் பழைய எண்ணங்களெல்லாம் வரிசையாகக் கூடவே வந்துவிடுகின்றன. அந்த வரிசையை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ள, கபட்-ஸின்னின் பயிற்சியையும் எண்ணங்களை ஆராயும் சிகிச்சையையும் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்தவர்களுக்குத்தான் இது மறுபடி வருவதைக் குறைப்பதாக முதலில் தெரியவந்தது. உங்களுக்கு இது மூன்றாவது முறை. உங்கள் மருத்துவர் காரணத்தோடுதான் அனுப்பியிருக்கிறார்.

காலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று அனுப்பிய கணக்குக்கு மேனேஜர் பதில் போடவில்லை என்று கொரட்டூரில் ஞாபகம் வருகிறது. தப்பு கண்டுபிடித்திருப்பார் என்று வில்லிவாக்கத்தில். எப்போதும் நான் இப்படித்தான் என்று பெரம்பூரில். பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் வேலை போய், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வழியில்லாமல் நிற்கிறீர்கள். பதில் வரவில்லை என்பது மட்டும்தான் இதில் நடந்தது. வில்லிவாக்கத்திலேயே, 'தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு எண்ணம் வருகிறது' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, கையில் பிடித்திருக்கும் கம்பிக்குக் கவனத்தைக் கொண்டுவருவதற்குத்தான் வீட்டில் உட்கார்ந்து பழகுகிறீர்கள். எண்ணம் உடனே போய்விடாது, போக வேண்டியதும் இல்லை. அதன் பின்னாலேயே பேசின் பிரிட்ஜ் வரை போகாமல் இருந்தால் போதும்.

மாத்திரை விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன்: நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், உடம்பில் ஷாக் அடித்த மாதிரி உணர்வு எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். உங்கள் கணவர் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2015-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பயிற்சியோடு மாத்திரையைக் குறைத்தவர்களும் மாத்திரையைத் தொடர்ந்தவர்களும் இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஓரளவாவது தேறிய பிறகு, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தவர்கள். நீங்கள் இப்போதுதான் தேறி வருகிறீர்கள். கணவரையே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், எப்போது குறைக்கலாம் என்று அவர் முன்னாலேயே கேளுங்கள். வாழ வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது தலைகாட்டினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

காசு பற்றி: நீங்கள் கொடுப்பது மூச்சு விடுவதற்கு இல்லை. உட்கார்ந்து முடித்தபின் 'என்ன வந்தது, அதை என்ன செய்தீர்கள்' என்று தெரபிஸ்ட் கேட்டுப் பேசுகிறாரே, சிகிச்சையில் பாதி அதுதான். அப்படிப் பேசாமல் ஆடியோவைப் போட்டுவிட்டு முடிக்கிறார் என்றால் தயங்காமல் கேளுங்கள். மூன்று முறை விழுந்து எழுந்தவருக்கு செல்போன் ஆப் மட்டும் போதாது என்பது என் கருத்து. ஃபீஸ் நிஜமாகவே கட்டுப்படியாகவில்லை என்றால், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் போய் விசாரியுங்கள்.

மாமியாரிடம் இதையெல்லாம் விளக்கி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியதில்லை. "டாக்டர் சொல்லியிருக்காங்க அத்தை, காலையில பத்து நிமிஷம் அடுப்பைப் பார்த்துக்கோங்க" என்று மட்டும் கேளுங்கள்.