நிக்கல் ஆக்சைடில் காந்த உச்சம் ஏன் தெரியவில்லை?

எக்ஸ்-கதிர்ச் சிதறலில், நிக்கலின் எல்3 விளிம்பில் (நிக்கல் அணு கதிரைத் திடீரென அதிகம் உறிஞ்சும் ஆற்றல்களில் ஒன்று) காந்த ஒழுங்கால் எழும் (½ ½ ½) உச்சம் தேடிக் கிடைக்கவில்லை என்கிறீர்கள். அங்கே அது கிடைக்கவே கிடைக்காது. 852 எலக்ட்ரான்வோல்ட்டில் அலைநீளம் சுமார் 14.5 ஆங்ஸ்ட்ராம்; அந்த உச்சத்துக்குரிய தள இடைவெளியோ 4.8 ஆங்ஸ்ட்ராம்தான். பிராக் விதிப்படி (அலைநீளம் = 2 × தள இடைவெளி × கோணத்தின் சைன்) சைன் மதிப்பு ஒன்றைத் தாண்டிவிடுகிறது.

ஆற்றல் கூடிய கே விளிம்புக்கு (8.33 கிலோ எலக்ட்ரான்வோல்ட்) மாறுங்கள். உச்சம் எட்டும், ஆனால் மிக மங்கலாக இருக்கும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: கதிரில் பாதி அலைநீளக் கலப்படம் இருந்தால் அதன் (111) மின்னூட்டச் சிதறல் (எலக்ட்ரான்களின் மின்னூட்டத்தால் வரும் சாதாரணச் சிதறல்) அச்சுஅசலாக அதே கோணத்தில் விழும். கதிர்ப்பாதையில் உள்ள கண்ணாடிகளைச் சாய்த்து அதை வெட்டுங்கள். பிறகு, சிதறிய கதிரின் முனைவாக்கத்தை (அலை அதிரும் திசையை) பிரித்தறிய, கிராஃபைட் (006) பகுப்பான் படிகத்தை வையுங்கள். அதன் சிதறல் கோணம் ஏறத்தாழ 83 பாகை என்பதால், முனைவாக்கம் திரும்பாத (மின்னூட்டச் சிதறலின்) கதிரில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் கசியத்தான் செய்யும்.

சந்தேகம் தீர, மாதிரியை, காந்த ஒழுங்கு குலையும் 523 கெல்வின் தாண்டிச் சூடாக்குங்கள். காந்த உச்சம் மறையும், கலப்படம் அப்படியே நிற்கும். மாதிரியைத் தளச் செங்குத்தைச் சுற்றித் திருப்பும்போது ஊசிபோல் எகிறுபவை பன்மடங்குச் சிதறல்கள் (கதிர் படிகத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் அடுத்தடுத்துச் சிதறுவது). அவை இல்லாத கோணத்தில் மட்டும் அளவெடுங்கள்.