அருகில் ஆய்வா, அயல்நாட்டில் ஆய்வா?

கேள்வி: பாலாற்றங்கரை நிலத்தடி நீரில் கலந்துள்ள குரோமியம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். பிரிட்டனில் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துள்ளது. ஆனால் உதவித்தொகை இல்லை. வேலூரிலேயே ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகையுடன் சேரவும் வாய்ப்பு இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அறிவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு என்பது மாணவர் பணம் கட்டிப் படிக்கும் படிப்பு அன்று. அவருடைய உழைப்புக்கு நிறுவனம் பணம் கொடுக்கும் ஏற்பாடு. சேர்க்கைக் கடிதத்தில் கட்டண விலக்கு உண்டா, மாதந்தோறும் எவ்வளவு தருவார்கள், அது எத்தனை ஆண்டுகளுக்கு என்ற விவரங்கள் இல்லையென்றால், அக்கடிதத்தின் தலைப்பில் எவ்வளவு பெரிய பெயர் அச்சாகியிருந்தாலும் நான் அதை ஒரு விலைப்பட்டியலாகவே படிப்பேன். இங்கே ஜேஆர்எஃப் தொகை 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். ராணிப்பேட்டையில் இருந்துகொண்டு இதில் தாராளமாகக் காலம் தள்ளலாம்.

பணத்தை ஒதுக்கிவைத்தாலும், உங்கள் ஆய்வுப் பொருள் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் இடையிலுள்ள கிணறுகளில்தான் இருக்கிறது. ஒரே கிணற்றில் மழைக்கு முன்பும் பின்பும், ஆண்டுக்கு ஆண்டு நீர் எடுக்க வேண்டும். அதிலும் ஆறு இணைதிற குரோமியம் என்ற நச்சு வடிவம், எடுத்த நீரைப் புட்டியில் வைத்திருக்கும்போதே வேறு நிலைக்கு மாறக்கூடியது என்பதால், தனியாகப் பதப்படுத்தாத நீரை 24 மணி நேரத்துக்குள் அளந்துவிடுவது நடைமுறை. விடியற்காலையில் கிணற்றடியில் நிரப்பிய புட்டியை ஐஸ் பெட்டியில் வைத்துப் பேருந்தேறி, மதியத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட முடிகிற ஊரில் இருப்பதைவிட இந்த ஆய்வுக்குப் பெரிய வசதி வேறென்ன வேண்டும்? வெளிநாட்டு ஆய்வகங்களில் மட்டும் உள்ள கருவிகள் தேவைப்பட்டால், இந்தியாவில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கென்றே உள்ள ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். 6 முதல் 9 மாதங்கள் அமெரிக்காவில் ஆய்வு செய்துவிட்டுத் திரும்பலாம்.

கேள்வி: உள்ளூரில் வாங்கிய முனைவர் பட்டத்தை வெளியே யார் மதிப்பார்கள் என்று மாமா கேட்கிறார். (வாசகி, காட்பாடி)

பதில்: நுண்ணுயிரியலாளர் ககன்தீப் காங் தம் முனைவர் பட்ட ஆய்வை வேலூர் சி.எம்.சி.யில்தான் செய்து, 1998இல் பட்டம் பெற்றார். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்குத்தான் அமெரிக்காவின் ஹூஸ்டன் சென்றார். இந்தியாவில் பணியாற்றும் பெண் அறிவியலாளர்களுள் முதலாவதாக, 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்தின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதை மாமாவிடம் சொல்லலாம்.

ஆனால் அவர் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். உள்ளூர் என்பதாலேயே எல்லா இடமும் நல்ல இடம் ஆகிவிடாது; இடத்தைவிட நெறியாளர் முக்கியம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையத் தளத்தில் நெறியாளரின் பெயரை இட்டுத் தேடினால், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். இரண்டையாவது முழுமையாகப் படியுங்கள். பிறகு அவரிடம் முடித்த ஒருவரையும், இன்னும் முடிக்காமல் இருக்கும் ஒருவரையும் நேரில் சந்தித்து, ஓர் இயலைத் திருத்திக் கொடுக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். என்னுடைய இரண்டாம் இயல் நெறியாளரின் மேசையில் 14 மாதங்கள் கிடந்தது. திரும்பி வந்தபோது அதில் டீ கிளாஸின் வட்டக்கறை இருந்ததே தவிர, ஒரு பேனாக் கோடுகூட இல்லை. இப்படிப்பட்டவர்கள் புகழ்பெற்ற அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. அங்கே காபிக் கறை, அவ்வளவுதான்.

கேள்வி: வெளிநாட்டு முனைவர் பட்டம் இங்கே உதவிப் பேராசிரியர் பணிக்குச் செல்லுமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, க்யூஎஸ், டைம்ஸ், ஷாங்காய் ஆகிய மூன்று உலகத் தரவரிசைகளுள் ஏதேனும் ஒன்றில் முதல் 500 இடங்களுக்குள் வந்த பல்கலைக்கழகத்தின் பட்டமாக இருந்தால், நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி இல்லாமலே விண்ணப்பிக்கலாம். உறவினர்கள் எந்தப் பெயரைக் கேட்டு வியக்கிறார்கள் என்பது இதில் கணக்கில்லை. பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் உதவித்தொகையுடன் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. தை மாதம் திருமணம். எதைத் தேர்ந்தெடுப்பது? (வாசகர், திருப்பத்தூர்)

பதில்: அமெரிக்காவில் பாடத்தாள்களும் சேர்ந்து பெரும்பாலும் 5, 6 ஆண்டுகள் ஆகும், உங்களோடு எஃப்-2 விசாவில் (மாணவரின் துணைக்கு வழங்கப்படுவது) வருபவர் அங்கே வேலை பார்க்க முடியாது. ஜெர்மனியில் பல இடங்கள் பணி ஒப்பந்தத்துடன் கூடிய சம்பள வேலைகளாகவே அமைகின்றன. இவ்வளவையும் எனக்கு எழுதிக் கேட்ட நீங்கள், மணப்பெண்ணிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் குறிப்பிடவில்லை. தைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.